ஏழாம் மேசையின் பதினோரு நாற்காலி

குடைக்காரிக்கு அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. ஒன்பது வருஷமாக அந்தக் கடற்கரை ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் குடை விரித்துக்கொண்டிருப்பவள். நாற்பது குடை, எண்பது சாய்வு நாற்காலி, அலமாரி நிறையத் துண்டுகள், அத்தனையும் அவள் பொறுப்பு. வெயிலில் ஆள் கறுத்தாளே தவிர, விருந்தாளிகள் முன்னால் ஒரு நாளும் முகம் கறுத்ததில்லை. அப்படிப்பட்டவளை, குளத்தைச் சுற்றியிருந்த அத்தனை குடும்பமும் வேடிக்கை பார்க்க, மேனேஜர் விரலை நீட்டிப் பேசிவிட்டார்.

"ஒரு துண்டுக்கு அடிதடியாம்மா? நீ எதுக்கு இங்க இருக்கே? நாளைக்கு இன்னொரு தடவை இங்க சத்தம் கேட்டுது, உன்னை லாண்டரிக்கு மாத்திடுவேன். குளத்தை வெளி ஆளுங்ககிட்ட விட்டுடுவேன். அவ்வளவுதான் சொல்லுவேன்."

லாண்டரி என்பது கட்டடத்துக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஓர் அறை. நாள் முழுக்க மெஷின் சத்தம், சோப்பு நெடி. போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. கடல் காற்றும் குழந்தைகளின் கூச்சலும் இல்லாமல் தன்னால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது என்று குடைக்காரிக்குத் தெரியும்.

சண்டைக்குக் காரணம் துண்டு மாமா. பெயர் வைத்தது லைஃப்கார்டு. வைத்த ஒரு மணி நேரத்தில் ரிசார்ட் முழுக்க ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு ஹாலில் ஏழாம் மேசைக் குடும்பத்தின் தலைவர் அவர். மனைவி, மூன்று பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள் என்று மொத்தம் பதினோரு பேர். வந்த நாளிலிருந்து மனுஷன் விடிவதற்கு முன்பே, ஐந்தரைக்கெல்லாம், பதினோரு துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கடல் பக்கத்து முன்வரிசையில் பதினோரு நாற்காலியைப் பிடித்துவிடுவார். துண்டு மேல் செருப்பு, செருப்பு மேல் பேப்பர். சரி, பிடித்தாரே, உட்கார்ந்தாவது தொலைத்தாரா? அதுதான் இல்லை. எட்டரைக்கு மேல் அந்தப் பக்கம் வெயில் சுள்ளென்று இறங்கும். நாற்காலியில் கை வைத்தால் கொப்புளம் கண்டுவிடும். மாமா மட்டும் ஓரமாகக் குடைக்கடியில் நின்று காவல் காப்பார். நாற்காலிகள் ஆளில்லாமல் காய்ந்துகொண்டிருக்கும்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். ஆறு மணிக்கு நாற்பது நாற்காலியில் துண்டு, ஆறரைக்கு எண்பதிலும் துண்டு, ஏழு மணிக்கு வருகிறவனுக்கு நிற்க இடமில்லை. அன்று இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமாவின் இரண்டு துண்டை எடுத்து மடித்துத் தரையில் வைத்தாள். மாமா ஒரு முனையைப் பிடித்தார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் விடுவதாக இல்லை. கடைசியில் துண்டு, மாமாவின் கண்ணாடி, யாரோ கொண்டுவந்த ஆம்லெட் தட்டு எல்லாம் குளத்தில் விழுந்தன. மஞ்சள் மஞ்சளாக முட்டை மிதந்த தண்ணீரைப் பார்த்துக் குழந்தைகள் மட்டும்தான் சந்தோஷப்பட்டன.

மேனேஜர் திரும்பி நடந்தபோது குடைக்காரி சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"சார்! நாளைக்கு ஒரே ஒரு நாள் என் இஷ்டத்துக்கு விடுங்க. ஒரு சத்தம் கேட்டாலும் நானே துணிமணியை எடுத்துக்கிட்டு லாண்டரிக்குப் போயிடறேன்."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா சொன்னது. ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

"என்ன பண்ணப் போறே?" என்று லைஃப்கார்டு கேட்டதற்கு, "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது. ஒன்பது வருஷம் வெயிலோடு குடித்தனம் நடத்தியவள் அவள். எத்தனை மணிக்கு நிழல் எந்தக் கல்லில் இருக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவாள். காலையில் கட்டடத்தின் நிழல் குளத்தின் உள்பக்கத்தில் விழும். உச்சிப்பொழுதைக் குடையால் சமாளிக்கலாம். பிற்பகலில் தென்னை மர நிழல் கடல் பக்கத்தை மூடும். ஜனங்களோ விடியற்காலையில், எல்லா இடமும் குளுகுளுவென்று இருக்கும்போது வந்து, அழகாகத் தெரிகிற இடத்தைப் பிடிக்கிறார்கள். இருபத்திரண்டு குடும்பம், எண்பது நாற்காலி. பங்கு போட்டால் தாராளமாக வரும். இடம் போய்விடும் என்ற பயம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அந்தப் பயத்தை எப்படி எடுப்பது?

அதற்கு விடை யாரிடம் இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியும். அங்கேதான் சிக்கல். விடை அவள் நாத்தனாரிடம் இருந்தது.

புருஷனின் அக்கா, சாப்பாட்டு ஹாலுக்குப் பொறுப்பு. குடைக்காரி கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார்தான் அவளை ஹாலில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். மூன்றாம் நாள் புதுப்பெண் கேட்காமல் கொள்ளாமல் ஒரு மேசையை நகர்த்தி ஜன்னலோரம் போட்டாள். "என் ஹால்ல என்னைக் கேக்காம ஒரு ஸ்பூன் நகரக் கூடாது. வெளிய போய்க் குடை விரி" என்று நாத்தனார் துரத்தினாள். அன்று முதல் இவள் குடைக்காரி, அவள் ஹால்காரி. ஒன்பது வருஷமாக நேருக்கு நேர் பேச்சு கிடையாது. விசேஷ நாட்களில்கூட ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவன், அதே ரிசார்ட்டில் காலைச் சமையல் பார்க்கும் புருஷன். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க", "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா" என்று இரண்டு பக்கமும் தூது போயே பாதி மனுஷன் ஆகிவிட்டான் பாவம்.

பிற்பகல் நான்கு மணிக்கு ஹால் காலியாக இருக்கும். குடைக்காரி செருப்பை வெளியே விட்டுவிட்டு, முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். நாத்தனார் மேசை நம்பர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு உதவி."

நாத்தனார் நிமிரவில்லை. "உன் புருஷன் சமையல்கட்டுல இருக்கான். அவன்கிட்ட சொல்லு."

"அவர்கிட்ட சொல்ற விஷயம் இல்லை. உங்ககிட்டதான் கேக்கணும். உங்க ஹால்ல மட்டும் ஏன் அண்ணி சண்டையே வர்றதில்லை?"

துடைக்கிற கை நின்றது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருஷமாகக் காத்திருந்தாளோ.

"எப்படி வரும்? வந்து இறங்கின அன்னைக்கே மேசை நம்பரைக் குடுத்துடுவேன். ஊருக்குப் போற வரைக்கும் அது அவங்க மேசை. நடுவுல எழுந்து போனாலும் சரி, ஒரு மணி நேரம் லேட்டா வந்தாலும் சரி, வேற எவனும் அதுல உக்கார முடியாது. உக்கார நான் விட்டுடுவேனா?"

"அந்த நம்பரை எனக்குக் குடுங்க அண்ணி. இங்க ஏழாம் மேசைன்னா அங்கயும் ஏழாம் நம்பர் நாற்காலி. துண்டும் வேண்டாம், காவலும் வேண்டாம். நீங்க ஒரு சொல் சொன்னா ஜனங்க நம்புவாங்க. என்னை நம்ப மாட்டாங்க."

தோற்றவள் மாதிரி நிற்கிறோமே என்று குடைக்காரிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

நாத்தனார் ஏழாம் நம்பர் அட்டையைக் கையில் எடுத்தாள். "இந்த மேசையில ஆறு நாளா பதினோரு பேரையும் ஒண்ணாப் பார்த்ததே இல்லை" என்றாள், அட்டையிடம் பேசுவது மாதிரி. "அஞ்சு பேர் சாப்பிட வருவாங்க. அவங்க போய்க் காவலுக்கு நின்னதும் அடுத்த அஞ்சு பேர் வருவாங்க. அந்த மனுஷன் வர்றதே இல்லை. தட்டுல எடுத்து மூடி வச்சுக்கிட்டு அந்தம்மா வெளிய ஓடுது. மூணு ஊர்ல இருக்கற பிள்ளைங்களை ஒண்ணு சேர்க்க ஒரு வருஷம் கெஞ்சினாங்களாம். நேத்து என்கிட்ட சொல்லிக் கண் கலங்கிட்டாங்க. நாளான்னிக்கு ஊருக்குக் கிளம்பறாங்க."

மறுபடி அட்டையைத் துடைக்க ஆரம்பித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. குடைக்காரி வெளியே வந்தாள்.

அன்று மாலை குளம் மூடியதும் அவளும் லைஃப்கார்டுமாக எண்பது நாற்காலியையும் தூக்கி உள்பக்கத்து வராந்தாவில் அடுக்கிச் சங்கிலி போட்டார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் வந்தபோது துண்டு அலமாரியின் மேல் ஒரு பொட்டலம் இருந்தது. நூல் கோத்த அட்டைகள், ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை. நாத்தனாரின் குண்டு குண்டுக் கையெழுத்து. குடைக்காரி அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை என்பது நிச்சயமானதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு, சொல்லிவைத்த மாதிரி துண்டு மாமா வந்தார். பதினோரு துண்டு தோளில். வந்தவர் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குளம் இருந்தது, குடை இருந்தது, நாற்காலி ஒன்றுகூட இல்லை.

"நாற்காலி எங்கம்மா?"

"வரும் சார். நிழல் வர்ற இடத்துக்குத்தான் இனிமே நாற்காலி வரும். உங்களுக்கு ஏழாம் நம்பர், பதினோரு நாற்காலி. நீங்க நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க. யாரும் தொட மாட்டாங்க."

"இந்தக் கதையெல்லாம் நான் எத்தனையோ பார்த்தாச்சு" என்றார் மாமா. சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கடல் பக்கம் போய், வெறுந்தரையில் பதினோரு துண்டையும் வரிசையாக விரித்து, நடுத்துண்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்காலியே இல்லாத தரையில் இடம் பிடித்த மனுஷனை உலகத்தில் வேறு எங்கே போய்ப் பார்ப்பது! லைஃப்கார்டு சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீருக்குள் குதித்துவிட்டான்.

ஆறரை ஆனது. மற்ற துண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், நாற்காலி இல்லாததைப் பார்த்து முறைத்தார்கள், ஹாலுக்குப் போனார்கள். அங்கே நாத்தனார் ஒவ்வொரு மேசையாக நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதே நம்பர்தான் குளத்துலயும். உங்க நாற்காலிக்கு நான் ஜவாப்தாரி." அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. ஜனங்கள் நம்பி உட்கார்ந்தார்கள்.

ஏழாம் மேசையில் மட்டும் பத்துப் பேர். பதினோராவது நாற்காலி காலி. மாமாவின் மனைவி குளத்துக்கு வந்தாள்.

"என்னங்க, எல்லாரும் உக்காந்தாச்சு. பிள்ளைங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. வாங்களேன்."

"நான் எழுந்தா இடம் போயிடும்."

"போனாப் போகட்டுமே!"

"ஆறு நாளா காப்பாத்தின இடம்" என்றார் மாமா. அந்தம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். விருந்தாளி ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பதும், ஒரு பெண் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பதும் அவர் கண்ணில் பட்டன. அவர் முகம் போன போக்கைக் குடைக்காரி பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறை அவள் கண்ணுக்குள் வந்து போனது.

யோசிக்க நேரமில்லை. நேராகப் போய் மாமாவின் பக்கத்துத் துண்டில் தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், இடத்துக்குக் காவல்தானே வேணும்? நான் உக்காந்துட்டேன். நீங்க வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். எழுந்தா இதோ நிக்கறாரே மேனேஜர் சார், என்னை இன்னைக்கே லாண்டரிக்கு அனுப்பட்டும். போய்ச் சாப்பிடுங்க."

மாமா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையை ஆட்டினார். மாமா மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தை ஆறு நாளில் இப்போதுதான் சரியாகப் பார்த்தாரோ என்னவோ, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எழுந்திருக்க மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன்."

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குளத்தின் பொறுப்பாளர் தரையில் பதினோரு துண்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். வேலையோ தலைக்கு மேல் கிடக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்: "சங்கிலியை அவிழ்! ஒண்ணாம் நம்பர் வராந்தா ஓரம்! மூணாம் நம்பரை இன்னும் ரெண்டடி உள்ள தள்ளு, ஒன்பதரைக்கு அங்க வெயில் வந்துடும்! குடையைச் சாய்ச்சு வை, நேரா நட்டு வச்சா யாருக்கு நிழல்?" லைஃப்கார்டு ஓடினான், தோட்டக்காரர் ஓடினார், மேனேஜர்கூட ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "இது எங்கம்மா?" என்று கேட்டுவிட்டார். எண்பது நாற்காலியும் கட்டடத்து நிழலுக்குள், கோடு போட்ட மாதிரி, நம்பர் அட்டையோடு வந்து சேர்ந்தன. முதலில் சாப்பிட்டு வந்த இரட்டைக் குழந்தைகளின் அம்மா தன் அட்டையைத் தேடி, மூன்று நாற்காலி காலியாக நிழலில் இருப்பதைப் பார்த்து, "எனக்கேவா?" என்றாள். காலை நீட்டிச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

எட்டரை ஆனது. கட்டடத்து நிழல் கடல் பக்கத்தை விட்டுப் பின்வாங்கியது. முதலில் குடைக்காரியின் காலில் வெயில் பட்டது, பிறகு மடியில், பிறகு முகத்தில். நாற்பது குடைக்குச் சொந்தக்காரி, தலைக்கு மேல் ஒரு குடையில்லாமல் காய்ந்தாள். குடையை எடுத்துவர எழுந்தால் வாக்குத் தவறிவிடும். யாரையும் கூப்பிட அவளுக்கு மனமில்லை. எல்லோரும் விருந்தாளிகளைக் கவனிப்பதில் இருந்தார்கள். வியர்வை கண்ணில் வழிந்தது. ஹாலுக்குள்ளிருந்து ஏழாம் மேசையின் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பேரப்பிள்ளைகளின் கூச்சல், அதற்கு மேல் மாமாவின் வெடிச்சிரிப்பு. அந்த மனுஷனுக்குச் சிரிக்க வரும் என்பதே யாருக்கும் தெரியாது. "சிரிங்க, நல்லா சிரிங்க" என்று சொல்லிக்கொண்டாள் குடைக்காரி.

ஒன்பது மணிக்குத் திடீரென்று வெயில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் நீலக்குடை. குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நாத்தனார் நின்றாள். அந்தக் கனத்த குடையைக் கழற்றத் தெரியாமல் கழற்றி, சேலையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் ஹால் திறந்திருக்கும்போது அவள் இந்தப் பக்கம் ஒரு அடி வைத்ததில்லை.

"அண்ணி! ஹாலை விட்டுட்டு..."

"ஹால் எங்கயும் ஓடிடாது. ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இப்படியா உக்காருவா ஒருத்தி? பைத்தியக்காரி, பைத்தியக்காரி." திட்டிக்கொண்டே ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். "குடி. இந்தக் குடையை எப்படி நடறதுன்னு சொல்லு, கை விட்டுப்போகுது."

"அந்தத் துவாரத்துல இறக்குங்க. இறக்கிட்டு வலப்பக்கம் திருகுங்க."

"அட, சுலபமாத்தான் இருக்கு" என்றாள் நாத்தனார்.

ஒன்பதே காலுக்கு மாமா வந்தார், கையில் பேத்தி, பின்னால் மொத்தக் குடும்பமும். நிழலில் ஏழாம் நம்பர் அட்டை போட்ட பதினோரு நாற்காலியைப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம், ஆனால் அந்தப் பதினொன்றில் ஒரு தூசிகூட இல்லை. இந்தப் பக்கம் அவர் பிடித்த இடம், சுட்டெரிக்கும் வெயிலில். அதில் ஒருத்தி இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மாமா பேத்தியை இறக்கிவிட்டார். வெறுங்காலோடு சூட்டில் தத்தித் தத்தி வந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து மடித்தார். குடைக்காரி உட்கார்ந்திருந்த துண்டு மட்டும் பாக்கி.

"எழுந்திரும்மா" என்றார். "என் பெரிய பையன் இப்படிச் சிரிப்பான்னே மறந்துபோயிருந்தேன். ஆறு நாளை நானே வீணாக்கிட்டேன். மன்னிச்சுடு."

"இன்னும் ஒரு முழு நாள் இருக்கே சார்" என்றாள் அவள். எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. நாத்தனார் தோளைக் கொடுத்தாள்.

அன்று ஒரு மணிக்கு நாற்காலிகள் கடல் பக்கத்துத் தென்னை நிழலுக்கு மாறின. சொல்லாமலே ஏழெட்டு அப்பாக்கள் தூக்க வந்துவிட்டார்கள், மாமாதான் முன்னால் நின்று, "மெதுவா, மெதுவா" என்று அதிகாரம் பண்ணினார். மூன்றரைக்கு மேனேஜர் புகார் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து குடைக்காரி முன்னால் திறந்து காட்டினார். அன்றைய பக்கம் வெறும் பக்கமாக இருந்தது.

"நான் வந்ததுலேர்ந்து இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை" என்றார். "இனிமே ஹாலும் குளமும் ஒரே நம்பர். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துக்குங்க. லாண்டரியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, நீயும் ஒண்ணும் கேக்கல."

"கேக்கவே இல்லை சார்" என்றாள் குடைக்காரி. அவர் தலை மறைந்ததும், லைஃப்கார்டு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜெயித்துவிட்டாள்! ஒன்பது வருஷக் குளம் அவளுடையதேதான்.

நான்கு மணிக்குச் சாப்பாட்டு ஹால் காலியானது. புருஷன் சமையல்கட்டுக் கதவிடுக்கில் நின்று, "உள்ள கூப்பிடறாங்க" என்று தூது சொன்னான். அவன் முகத்தில் பயம் பாதி, சந்தேகம் பாதி. குடைக்காரி உள்ளே போனாள். ஜன்னலோரத்தில், குளம் தெரிகிற இடத்தில், புதிதாக ஒரு சின்ன மேசை போட்டிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் மேசையை நகர்த்தியதற்காகத் துரத்தப்பட்டாளே, அதே இடம். இரண்டு தட்டு, ரொட்டி, குழம்பு, ஆவி பறக்கும் காபி. நடுவில் நம்பர் அட்டை: இருபத்திமூன்று.

குடைக்காரிக்கு உட்காரத் தயக்கமாக இருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் ஏற்கெனவே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்திருந்தாள்.

"உக்காரு" என்றாள். "இது உன் நாற்காலி. நடுவுல எழுந்து போனாலும் வேற யாரும் உக்கார மாட்டாங்க. நான் விட மாட்டேன்."